சுவருக்கு இந்தப் பக்கம்

ஒரு கானாங்கோழியின் குரலுக்கு அந்த வருஷம் அரசாங்கம் போட்டிருந்த விலை, ஏக்கருக்கு முன்னூறு யூரோ. முட்டைக்கு இல்லை, கறிக்கு இல்லை, கண்ணிலேயே படாத ஒரு பறவையின் வெறும் குரலுக்கு. பொழுது சாய்ந்ததும் புல்லுக்குள் பதுங்கி உட்கார்ந்து, சீப்பின் பல்லை நகத்தால் இழுப்பதுபோல் இரண்டு இழுப்பு, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு இழுப்பு என்று விடிய விடிய அது கத்த வேண்டும். வயலின் சொந்தக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கோடை முடியும்வரை புல்லை அறுக்காமல் விட்டால் போதும், பணம் வீடு தேடி வரும். க்ளூன்பெக் ஊரில் அந்தப் பறவை கத்தியது ஒரே ஒரு புல்வெளியில்தான். அது டீலியா கார்வியின் புல்வெளி.

நாற்சந்தியில் கடை வைத்திருந்த அட்ராக்டாவுக்கு அந்த வயல் எத்தனை ஏக்கர் என்பது தன் செருப்பு அளவைவிட நன்றாகத் தெரியும். அவளுடைய அப்பா மாட்டுத் தரகர். சந்தை நாளில் உள்ளங்கையில் எச்சில் துப்பி எதிராளியின் கையில் ஓங்கி அடித்து வியாபாரத்தை முடிக்கிற தலைமுறை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூட அவர் வாங்கியதில்லை. அந்தப் புத்தியெல்லாம் மகளுக்கும் வந்திருந்தது. வராமல் போனது ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கதை.

மே மாதத்தின் ஆரம்பம். சூரியன் போன பிறகும் வெளிச்சம் போக மனமில்லாமல் வானத்தில் நின்றுகொண்டிருக்கும் காலம். கடையைச் சாத்திவிட்டு, பின்கட்டுச் சமையலறையில் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள் அட்ராக்டா. குழாய்ச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. குழாயை மூடினாள். இரண்டு இழுப்பு. இடைவெளி. இரண்டு இழுப்பு. டீலியாவின் வயலுக்கும் அவளுடைய கொல்லைக்கும் நடுவே இருந்த கல்சுவருக்கு, இந்தப் பக்கம்.

"வந்துட்டியா," என்றாள் அட்ராக்டா, ஜன்னலைப் பார்த்து.

சிரிப்பு தானாக வந்தது. ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். இடது கை காய்ந்தது. வலது உள்ளங்கை மட்டும் காயவில்லை. மறுபடி துடைத்தாள். பிறகு மறந்துவிட்டு ஜன்னலைத் திறந்து காதைக் கொடுத்தாள். பறவைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இடைவெளி சரியாக இல்லை. கானாங்கோழி இடைவெளியில் சும்மா இருக்கும். இது சும்மா இல்லை. தொண்டையில் எதையோ விழுங்க முயன்று முடியாமல் விட்டதுபோல், மெல்லிய, ஈரமான ஒரு சத்தம் அங்கே இருந்தது.

புதுசாக வந்த பறவை, இடம் பழகவில்லை என்று அட்ராக்டா தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அது எப்படி வந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். இன்னொருத்திக்கும் தெரியும், ஆனால் அவளை அட்ராக்டா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரின் பாரம்பரியத்தையும் காட்டுயிர்களையும் காப்பதற்கென்று க்ளூன்பெக்கில் ஒரு குழு உண்டு. அதற்குத் தலைவி அட்ராக்டா. கூட்டத்துக்குத் தேநீரும் பழரொட்டியும் அவள் செலவு. தலைவி இவள்தான், ஆனால் பாரம்பரியம் முழுக்க டீலியாவின் வேலிக்குள் கிடந்தது. வட்டமாக மண்மேடு கட்டிய அந்தக் காலத்துக் கோட்டை டீலியாவின் நிலத்தில். பழந்துணி கட்டி வேண்டிக்கொள்கிற புனிதக் கிணறு டீலியாவின் நிலத்தில். யாரும் வெட்டத் துணியாத தனி முள்மரம், முயல் வளை, மாட்டுக் கொட்டகையில் வெள்ளை ஆந்தை, எல்லாம் அங்கே. ஊருக்கென்று அச்சடித்த மடிப்புத் தாளில் ஒவ்வொரு படத்தின் கீழும் 'திருமதி கார்வியின் அன்பான அனுமதியுடன்' என்று போட வேண்டியிருந்தது. அட்ராக்டாவின் நிலத்தில் இருந்தது ஒரு எரிவாயுத் தொட்டி. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஃபெஸ்டஸும் அங்கேதான் போனான். ஃபெஸ்டஸ் கார்வி. நடன மண்டபத்தில் அட்ராக்டாவோடு ஒரு வசந்தம் முழுக்க ஆடிவிட்டு, அறுவடை வந்ததும் டீலியாவுக்கு மோதிரம் போட்டவன். பிறகு ஸ்காட்லாந்துப் பக்கம் மலைக்குள் சுரங்கம் குடையும் வேலைக்குப் போய், நெஞ்சு நிறையக் கல்தூசியோடு திரும்பி வந்து, வீட்டை விட்டு வெளியே வராமலே சில வருஷம் கிடந்து செத்தான். அந்த வருஷங்களில் ஒரு நாள்கூட அட்ராக்டா போய்ப் பார்க்கவில்லை. டீலியா தலையணையைச் சரிசெய்வதை நின்று பார்க்க அவளால் ஆகாது. சவப்பெட்டியில்தான் பார்த்தாள். அப்போதும் டீலியாதான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், சொந்தக்காரியாக.

மே முதல் தேதி விடியலில் பக்கத்து வீட்டுப் புல்லின்மேல் துணியை இழுத்துப் பனியை எடுத்து, 'எல்லாம் என்னிடம் வா' என்று சொன்னால், அந்த வீட்டின் செழிப்பு இழுத்தவள் பின்னால் வந்துவிடும். வெண்ணெய் கடைந்த காலத்து வழக்கம். ஊரில் எல்லாருக்கும் தெரியும், செய்ததாக ஒருத்தியும் சொல்லமாட்டாள். அன்றைக்கு எந்த வீட்டிலிருந்தும் ஒரு சொட்டுப் பால், ஒரு துண்டு நெருப்பு வெளியே கொடுக்க மாட்டார்கள் என்பதும் அதனால்தான்.

அந்த வருஷ மே முதல் தேதி விடியலில் அட்ராக்டா தன் அம்மாவின் மேசைவிரிப்பை எடுத்துக்கொண்டு டீலியாவின் வயலுக்குப் போனாள். சுவர் ஏறிக் குதிக்கிற வயதில்லை. கல் சரிந்த இடமாகப் பார்த்து நுழைந்தாள். புல் முழங்காலுக்கு வந்தது. துணி கனத்துக்கொண்டே போனது. "எல்லாம் என்னிடம் வா," என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பியபோது, வயல் கதவோரம் டீலியா நின்றிருந்தாள். இரவு உடைக்குமேல் செத்த புருஷனின் கோட்டு. முகம் மெழுகு நிறம்.

"என்னடி பண்ற, இந்த நேரத்துல?"

"விரிப்பு பறந்து வந்துடுச்சு. எடுக்க வந்தேன்."

"காத்தே இல்லையேடி."

துணியிலிருந்து பனி சொட்டியது.

டீலியா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "எங்க அத்தை வெண்ணெய்க்குத்தான் பயப்படுவா. எங்கிட்ட வெண்ணெய் கிடையாது, கடையில உங்கிட்டதான் வாங்குறேன். உனக்கு என்ன வேணும்?"

மாட்டிக்கொண்டபின் கூச்சம் எதற்கு என்று அட்ராக்டாவின் தரகு ரத்தம் சொன்னது. "எல்லாம்."

"எல்லாமா?"

"சின்ன வயசுலேர்ந்து எல்லாமே உனக்குத்தானே. அதான், எல்லாம்."

டீலியா அவளை வெகுநேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அட்ராக்டாவுக்குப் புரிந்திருக்கும். அது கோபம் இல்லை. விற்காத மாட்டை நாள் முழுக்கச் சந்தையில் பிடித்துக்கொண்டு நின்றவனிடம், கடைசியில் ஒரு ஆள் வந்து விலை கேட்டால் அவன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"சரி," என்றாள் டீலியா. "மே காலையில எதையும் கொடுக்கக் கூடாதும்பாங்க. நான் கொடுக்கறேன். ஆனா முறையா பண்ணுவோம்." உள்ளங்கையில் துப்பி நீட்டினாள்.

அட்ராக்டாவும் துப்பி, அடித்தாள். சத்தம் கோட்டை மேட்டில் பட்டுத் திரும்பியது.

"விக்கறவ அதிர்ஷ்டக் காசு திருப்பித் தரணும், இல்ல?" என்றாள் டீலியா. "இப்பக் கையில இல்ல. அப்புறம் தரேன்."

என்ன சரக்கு என்று அட்ராக்டா கேட்கவில்லை. பல்லைப் பார்க்கவில்லை.

பறவைகளைக் கணக்கெடுக்க நகரத்திலிருந்து ஃபின்டன் வந்தான். தாடி வைத்த, மரியாதையான ஆள். பொழுது மங்கும் வேளையில் அட்ராக்டா அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். கத்திக்கொண்டுதான் இருந்தது. இப்போது சுவரோரம் இல்லை. இன்னும் உள்ளே வந்து, சதுப்பில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிற மண்கட்டிகளை அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால்.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது," என்று தலையாட்டினான் ஃபின்டன். அட்ராக்டாவின் நெஞ்சு நிமிர்ந்தது. அவன் கையை நீட்டினான். சுவரைத் தாண்டி, கோட்டை மேட்டையும் தாண்டி, டீலியாவின் வயல் நடுவே. "அதே இடந்தான். போன வருஷம் நின்ன இடம்."

"அது இல்ல. இது. இந்தக் கொட்டகைக்குப் பின்னாடி."

அவன் காதைத் திருப்பினான். நேர்மையாகவே கேட்டான். கொட்டகைக்குப் பின்னால் அது இழுத்தது, விழுங்கியது, இழுத்தது.

"இங்க ஒண்ணும் இல்லைங்க."

"காதை நல்லாக் கழுவிட்டு வந்தீங்களா தம்பி?"

"கழுவித்தான் வந்தேன்," என்று அவன் சிரித்தான். "சுவர்ல பட்டு எதிரொலிக்கும். நிறைய பேருக்கு இப்படி வரும். ஆசை இருந்தா இன்னும் கொஞ்சம் அதிகமாவே வரும்." சொன்னதும் தப்பாகிவிட்டதோ என்று தேநீரைப் பாராட்டினான்.

அவன் வண்டி போன பிறகும் அட்ராக்டா நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவளுக்கும் இரண்டு குரல் கேட்டது. தொலைவில் டீலியாவின் வயலில் ஒன்று, சுத்தமாக, காய்ந்த குரலில், இடைவெளியில் சும்மா இருந்துகொண்டு. பக்கத்தில் ஒன்று. பறவை அங்கேயே இருந்தது. அப்படியானால் அவளிடம் வந்தது எது என்பதைவிட, பறவை இன்னும் டீலியாவிடம் இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு அவளைச் சுட்டது.

அதற்குப் பிறகு அது அவசரப்படவில்லை. கொட்டகையிலிருந்து மழைநீர்ப் பீப்பாய்க்கு வந்தது. பீப்பாயிலிருந்து சமையலறை ஜன்னலுக்கு அடியில். ஒரு நாள் அவள் கடையில் கல்லாவைப் பூட்டும்போது, மாவு மூட்டைகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே, தரையோடு தரையாக அது கேட்டது, ஜோடியாக, பொறுமையாக. மூட்டைகளை நகர்த்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தரையில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி. மாவு என்று விரலில் தொட்டாள். மாவு வழுக்கும். இது அறுத்தது.

அந்தத் தூசி பிறகு எல்லா இடத்திலும் வந்தது. பால் ஜாடியின் விளிம்பில். துவைத்து மடித்த துணிகளின் மடிப்பில். தலையணையில். கூடவே ஒரு வாசனை. நெஞ்சில் தேய்க்கும் கற்பூரத் தைலமும் ஈரக் கம்பளியும் கலந்து, ஜன்னலே திறக்காத அறையில் நெடுநாள் படுத்திருந்த உடம்பின் வாசனை. கடைக்கு வந்தவர்கள் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. தபால்காரர் மட்டும், "ராத்திரி தூங்குறதில்லையா? கண்ணு ரெண்டும் குழி விழுந்திருக்கு," என்றார். "கோடைக்காலம். வெளிச்சம்," என்றாள் அட்ராக்டா. வலது உள்ளங்கையை மேசைக்கு அடியில் பாவாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது காயவே இல்லை.

இடது அக்குளில் ஒரு கட்டி தட்டுப்பட்டது குளிக்கும்போது. நெல்லிக்காய் அளவு. நேற்று இல்லாதது.

ஜூன் மாதத்தில் ஒரு மதியம் டீலியா கடைக்கு வந்தாள். உள்ளே வந்தது அவள்தானா என்று அட்ராக்டா இரண்டு முறை பார்த்தாள். கன்னத்தில் நிறம். உதட்டில் சாயம். முழுக்கை இல்லாத சட்டை. பழைய வயிற்றெரிச்சல் அட்ராக்டாவுக்குள் கிளம்பி, நடன மண்டபத்தில் கிளம்பிய அதே இடத்தில் போய் உட்கார்ந்தது.

"பன்றிக்கறி நல்லதா ஒரு கட்டு கொடு. ஆப்பிள் பணியாரம் இருக்கா? அதுவும்." டீலியா மேசையில் சாய்ந்தாள். "பசிக்குதுடி. பசின்னா என்னன்னே மறந்திருந்தேன்."

"ஆளே மாறிட்ட."

"தூங்குறேன். அதான்." டீலியா குரலைத் தாழ்த்தவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. "ஃபெஸ்டஸ் செத்தாரே, அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே வந்துட்டார். கட்டில் ஓரத்துல உட்காருவார், எனக்கு முதுகைக் காட்டிட்டு. அதே மூச்சு. சீப்பை நகத்தால இழுக்கற மாதிரி. இழுப்பார், நடுவுல விழுங்குவார், மறுபடி இழுப்பார். விடியற வரைக்கும். பாதிரியார் வந்து தண்ணி தெளிச்சார். இவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். பறவை வந்தப்ப நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? வெளிய அது கத்தினா உள்ள இது கொஞ்சம் அமுங்கும்."

அட்ராக்டா பொட்டலம் கட்டுவதை நிறுத்தினாள்.

"மே மாசத்துலேர்ந்து வரல," என்றாள் டீலியா. "அது மட்டுமில்ல. வசந்தத்துல ஆஸ்பத்திரியில கட்டின்னாங்க. குளிர்காலம் பாக்க மாட்டேன்னாங்க. யார்கிட்டயும் சொல்லல. போன வாரம் மறுபடி படம் எடுத்தாங்க. ஒண்ணுமே இல்லையாம். டாக்டர் பேப்பரைத் தலைகீழாத் திருப்பித் திருப்பிப் பாக்கறார், பாவம்."

"தெரிஞ்சே கொடுத்தியா."

"நீ எல்லாம்னு கேட்ட. நான் எதெல்லாம் பிடிச்சு வெச்சுக்கலையோ அதெல்லாம் வந்துச்சு போல. பறவையை நான் விடல. அது எனக்குப் பிடிக்கும்."

"திருப்பி எடுத்துக்கோ, டீலியா."

டீலியாவின் முகத்தில் ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைத்தான் அட்ராக்டாவால் பொறுக்க முடியவில்லை. "கை அடிச்ச மாட்டை உங்க அப்பா என்னிக்காவது திருப்பி ஓட்டிட்டுப் போக விட்டிருக்காரா?" என்றாள். பிறகு சட்டைப்பையில் துழாவி எதையோ எடுத்து, அட்ராக்டாவின் வலது உள்ளங்கையை விரித்து வைத்தாள். பழைய செம்புக் காசு. கோழியும் குஞ்சுகளும் பொறித்தது. "அதிர்ஷ்டக் காசு. பாக்கி வைக்கக் கூடாது."

அவள் போன பிறகு அட்ராக்டா கையைக் கவிழ்த்தாள். காசு விழவில்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினாள். தோலும் சேர்ந்து வந்தது.

அன்றைக்கும் வெளிச்சம் போகவில்லை. வானம் பால் நிறத்தில் நின்றது. அட்ராக்டா எல்லாக் கதவையும் பூட்டினாள். அப்பா அம்மா படுத்த பெரிய பித்தளைக் கட்டிலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், சுவரோரம் ஒண்டிப் படுத்தாள். விளக்கை எரியவிட்டாள். கூரைக்குள் வௌவால்கள் புறப்படும் சலசலப்பு. கடையில் குளிர்பெட்டியின் முனகல். அது நின்றது. வௌவால்களும் நின்றன.

நடைவழியில் இழுத்தது.

இரண்டு இழுப்பு. விழுங்கல்.

கதவு திறக்கவில்லை. திறக்கத் தேவைப்படவில்லை. தைல வாசனை வந்தது. பிறகு கம்பளி. பிறகு தூசி, விளக்கு வெளிச்சத்தில் மெல்ல மிதந்து, இறங்கி, அவள் உதட்டில் படிந்தது. பல்லில் நறநறத்தது.

மெத்தையின் ஓரம் தாழ்ந்தது.

பார்க்கக் கூடாது. பார்த்தாள்.

ஒரு முதுகு. சாம்பல் படிந்த சட்டை. அதற்குள் விலா எலும்புகள், ஒவ்வொன்றாக, ஏறி, இறங்கி. கழுத்துக்குப் பின்னால் அந்த முடிச் சுழி. நடன மண்டபத்தில் அவள் விரல் வைத்த சுழி. ஒரு ஆயுள் முழுக்க அவள் கேட்ட ஆள். அவள் கட்டிலில். அவள் வீட்டில்.

வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், கானாங்கோழி கத்தத் தொடங்கியது. சுத்தமாக. காய்ந்த குரலில். டீலியா அதைக் கேட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பாள், வாயைத் திறந்து, குழந்தைபோல். அந்த நேரத்திலும் அட்ராக்டாவுக்கு வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றோடு, பழக்கத்தில், மனம் தானாகவே கூட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம்: கோட்டை, கிணறு, முள்மரம், ஆந்தை, பறவை. பசி. தூக்கம். வரப்போகிற குளிர்காலம். இந்தப் பக்கம்: அக்குளில் ஒரு கட்டி. கையில் ஒரு காசு. கட்டில் ஓரத்தில் ஃபெஸ்டஸ்.

வரவும் சரி. பற்றும் சரி. ஒன்றே ஒன்று வர வேண்டியிருந்தது. டீலியாவிடம் இருந்தவரை அவன் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவன் மூச்சு நின்றது. கழுத்து திரும்ப, சுழி நகர்ந்தது. பாக்கியும் வரத் தொடங்கியது.